இறங்காத தோள்

ஜம்யாங் நாக்குக்கு மடமே பயப்படும். திபெத்தோட வடகிழக்குல இருக்குற அம்தோ மேய்ச்சக்காட்டுலேர்ந்து நாலு மாசம் நடந்து, லாசாவுக்குப் பக்கத்துல இருந்த அந்த மடத்துக்கு வந்து சேர்ந்தவன். வந்து ஆறு வருஷமாச்சு. ஆளு வந்துட்டான், வாய் மட்டும் ஊர்லயே தங்கிடுச்சு.

அவன் ஊர்ல எழுத்து எப்படியோ வாயும் அப்படித்தான். புண்ணுக்கு 'ர்ம'ன்னு எழுதியிருந்தா 'ர்ம'ன்னே படிப்பாங்க. லாசாக்காரங்க முன்னால நிக்கிற அந்த 'ர'வ முழுங்கிட்டு, வெறும் 'ம'ன்னு சொல்லுவாங்க. ஆனா குரல ஒசத்தி. முன்னால எதுவுமே நிக்காத 'ம'ன்னா குரல் கீழயே கெடக்கும்.

"ஒங்க பேச்சு பலகையாட்டம் இருக்கு, ஜம்யாங்லா. ஏத்தமும் இல்ல, எறக்கமும் இல்ல"ன்னு கூட இருக்குற துறவிங்க, மரியாதைக்கு ஒரு 'லா'வும் சேத்தே, கிண்டலடிப்பாங்க. பல்லு கொட்டுன வாய்க்குப் பலகை எவ்வளவோ மேலுன்னு இவன் திருப்பிக் குடுப்பான்.

இவனப் பாத்துச் சிரிக்காத ஒரே லாசாக்காரன் பெம்பா. ரெண்டு பேருக்கும் டீ சுமக்குற வேல. முன்னூறு பேருக்கான டீ, பெரிய செப்புப் பானையில, கம்புல தொங்கும். முன்முனை பெம்பாவோட தோள்ல, பின்முனை ஜம்யாங்கோட வலது தோள்ல. பெம்பா நல்ல ஒசரம். ஜம்யாங் தோளைத் தூக்கிப் புடிக்கலன்னா கொதிக்கிற பானை சறுக்கி இவன் நெஞ்சுக்கு வந்துரும். ஆறு வருஷம் அப்படியே நடந்தாங்க.

காய்ச்சல்ல பெம்பா செத்துப்போனான்.

செத்தவனுக்கு நாப்பத்தொம்பது நாள், அடுத்த பொறப்புக்கு வழி சொல்லிப் படிப்பாங்க. அதுக்கப்புறம் எது சொன்னாலும் அவன் காதுல விழாது. கடைசி நாள் படிக்க வேண்டியது, அவனுக்கு ரொம்ப நெருக்கமா இருந்த ஆளு. அது ஜம்யாங்தான், அதுல யாருக்கும் சந்தேகமில்ல. ஆனா பெம்பாவோட காது லாசாக் காது. பலகைக் குரல்ல படிச்சா அவன் வழி தெரியாமத் தடுமாறுவான்னு எல்லாரும் சொன்னாங்க. குரல ஏத்தி எறக்கக் கத்துக்குங்கன்னு குரு கெல்சாங் மொத வாரத்துலயே சொல்லிட்டாரு. குருவுக்கு இவனவிட ஏழு வயசு கம்மி. அது வேற எரிச்சல். முடியாதுன்னுட்டான்.

நாப்பத்தெட்டாம் நாள் மத்தியானம் குரு கூப்பிட்டு அனுப்பினாரு.

"நாளைக்கு வேற ஒருத்தரப் படிக்கச் சொல்லிரட்டுமா?"

மடத்துல குருவ 'கென்லா'ன்னுதான் கூப்புடுவாங்க. ஜம்யாங் வெடிச்சான்.

"அவன் செத்த மறுநாளே பக்கத்துல இருந்தவன நகத்தி அவன் எடத்துல உக்கார வெச்சீங்க, கென்லா. கேட்டா வரிசையில ஓட்ட இருக்கக்கூடாதுன்னீங்க. எழுத்தையும் அப்படித்தான் செய்றீங்க. முன்னால நின்னவன முழுங்கிட்டு, அப்படி ஒருத்தன் இருந்ததே இல்லங்குற மாதிரி பேசுறீங்க. அந்த வாயால என் பெம்பாவுக்கு நான் படிக்கணுமா?"

குரு கோவப்படல. செவுத்துல முதுகு படுற மாதிரி வந்து நிக்கச் சொன்னாரு. வெறப்பா வேணாம், எப்பவும் நிக்கிற மாதிரி நின்னாப் போதும்னாரு. அடுப்புலேர்ந்து ஒரு கரித்துண்டு எடுத்து, இடது தோளுக்கு மேல செவுத்துல ஒரு கோடு போட்டாரு. வலது தோளுக்கு மேல ஒரு கோடு.

"திரும்பிப் பாருங்க."

வலது தோளுக்குப் போட்ட கோடு நாலு விரக்கடை மேல இருந்துச்சு.

"இதென்ன, ஜம்யாங்லா?"

"கம்பு வெச்ச தோளு."

"கம்பு எங்க?"

"சமையக்கட்டுல. இப்ப வேற ரெண்டு பேரு தூக்குறாங்க."

"முன்னால நடந்தவரு?"

ஜம்யாங்கோட கை தானா வலது தோளுக்குப் போச்சு. அழுத்திப் பாத்தான். எறங்கல.

குரு மேல இருந்த கோட்டுல விரல வெச்சு, குரல ஒசத்தி, "ம" ன்னாரு. அவ்வளவுதான்.

வெளிய டீக்குக் கூப்புடுற சங்கு ஊதுச்சு. முன்னூறு பேரு எழுந்து போற காலடிச் சத்தம் கேட்டு, அதுவும் அடங்குச்சு. ஜம்யாங் செவுத்துலேர்ந்து கண்ண எடுக்கல. அப்புறம் கீழ உக்காந்து, நாளைக்குப் படிக்க வேண்டிய ஏட்டைத் துணியிலேர்ந்து பிரிச்சு மடியில வெச்சுக்கிட்டான்.

"இந்த 'ம'வெல்லாம் எங்கெங்க ஒசரணும், கென்லா?"

"முன்னால யாராவது நின்னுட்டுப் போன எடத்துல."