ஐந்தாம் நம்பர் உத்திரம்

"சும்மா கெடக்கும்போதே முதுகைத் தூக்குது சார். இது மேல எம் மகளை எப்படி ஏத்துவேன்?"

பேச்சிமுத்துக் கொத்தனார்தான் கேட்டார்.

லூர்துநாதன் சார் குனிந்து பார்த்தார். அறுபதடி நீளத்துக்கு ஒரு கான்கிரீட் உத்திரம், வார்த்ததில் முதலாவது. இரண்டு முனையும் கட்டைமேல் இருந்தது. அதன் வயிற்றுக்குள் ஓடிய கம்பிகளை அன்று காலையில்தான் ஜாக்கி வைத்து இழுத்து, முனையில் பூட்டியிருந்தோம். பூட்டி முடித்த கையோடு உத்திரம் நடுவில் பலகையை விட்டு எழும்பிவிட்டது. நூல் பிடித்துப் பார்த்தால் முக்கால் அங்குலம்.

"ஆமா, தூக்குது," என்றார் சார்.

அவ்வளவுதான் பதில். எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

இந்தக் கதையில் கொத்தனார்தான் சீடன். வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பத்தொன்று. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நாங்களும் சிரித்தவர்கள்தான். நான் அங்கே சிமென்ட் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவன். நாள் முழுக்க மூட்டைமேல் உட்கார்ந்திருப்பதுதான் உத்தியோகம். அதனால் எல்லாவற்றையும் பார்க்க எனக்குத் தோது இருந்தது.

உப்போடைக்குப் பாலம் போடுகிறோம். சுதந்திரம் வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அங்கே முன்னால் ஒரு கல்பாலம் இருந்தது. மூன்று வளைவு, நடுவே இரண்டு தூண். கட்டினவர் இதே பேச்சிமுத்து. மூன்று ஐப்பசிக்கு முந்தி வந்த வெள்ளம் தூணுக்கு அடியில் பறித்து, பாலத்தையே கொண்டுபோய்விட்டது. கூடவே ஒரு வண்டியும் ஒரு ஜோடி மாடும் போயின. வண்டிக்காரன் ஒரு பனையைப் பிடித்துப் பிழைத்தான்.

அன்றைக்குக் கரண்டியைக் கீழே போட்ட மனுஷன். சார்தான் வீட்டுக்குப் போய், "கரைச்சுவரை நீங்க கட்டிக் குடுங்க அண்ணாச்சி, நடுவுல தூணே இல்லாம நான் பாலம் போடுதேன்," என்று கூட்டி வந்தார்.

தூணே இல்லாத பாலம். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படியொன்றைக் கண்டதில்லை.

அந்த ஓடைக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. பாலம் முடிந்தால் முதல் வண்டி கொத்தனாருடையது. வண்டிக்குள் அவன் வீட்டுப் பெண்ணும் பிள்ளையும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அக்கரைக்காரன் ஒருத்தனும் பாலத்தில் காலை வைக்க மாட்டான். இஞ்சினியர் படித்த காகிதமெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டில்லை.

பேச்சிமுத்துவுக்கு ஒரே மகள், செல்லக்கனி. அக்கரையில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. பேத்திக்கு இரண்டு வயது.

அந்த மகளிடம் அவர் ரகசியமாகச் சொல்லிவிட்டிருந்தார்: "வண்டி விடுத அன்னிக்கு உனக்குக் காய்ச்சல்னு சொல்லிரு."

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தத் தகவலைக் கொண்டுபோனதே நான்தான்.

*

மறுநாள் கொத்தனார் மறுபடியும் கேட்டார்.

"சார், பாரமே இல்லாதப்ப வளையுத வஸ்து, பாரம் வந்தா என்ன பாடு படும்?"

சார் சுற்றுமுற்றும் பார்த்தார். செங்கல் சுமக்கிற இசக்கியம்மாளைக் கூப்பிட்டார்.

"அக்கா, அந்தக் கல்லை எப்பவும்போலத் தூக்குங்க."

இசக்கியம்மாள் தரையில் வரிசையாகக் கிடந்த ஏழு செங்கல்லை இரண்டு முனையிலும் உள்ளங்கை வைத்து அமுக்கித் தூக்கினாள். அது தினம் நூறு தடவை செய்கிற வேலைதான். ஏழு கல்லும் ஒரே கல்லாக எழும்பின.

சார் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நடுக்கல்மேல் வைத்தார்.

"நடுக்கல்லை யாரு பிடிச்சிருக்கா அண்ணாச்சி?"

"இசக்கிதான்."

"அவ கை அதுல படலையே."

கொத்தனார் குனிந்து அடியில் பார்த்தார். அடியில் ஒன்றுமில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சாந்தும் இல்லை. கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார்.

"கை சோர்ந்து போச்சுன்னா?"

"சோர்ந்துக்கிட்டுத்தான் இருக்கு," என்றாள் இசக்கியம்மாள். "ரெண்டு பேரும் சட்டுன்னு பேசி முடியுங்க."

சார் சிரித்துக்கொண்டே கடிகாரத்தை எடுத்தார்.

"நல்ல கேள்வி அண்ணாச்சி. இதை மொதமொதல்ல செஞ்சு பார்த்த பெரிய ஆளுங்க எல்லாம் அந்த இடத்துலதான் தோத்தாங்க. கான்கிரீட்டு காயக் காயச் சுருங்கும். சுருங்கினா பிடி தளர்ந்துரும்."

"அப்புறம்?"

சார் கம்பிக் குவியலுக்குப் போனார். ஒரு சாதாக் கம்பியை எடுத்து வளைத்தார். வளைத்தபடியே நின்றது. கொத்தனாரிடம் கொடுத்தார். பிறகு உத்திரத்துக்குப் போடுகிற மெல்லிய எஃகுக் கம்பியில் ஒரு துண்டை எடுத்து வளைத்து, விட்டார். அது துள்ளி அவர் தொப்பியைத் தட்டிக்கொண்டு போய் மணலில் விழுந்தது.

"இது விட்டுக்குடுக்காது," என்றார், தொப்பியைத் தேடிக்கொண்டே.

இசக்கியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். கொத்தனார் சிரிக்கவில்லை.

"நீங்க இதுக்கு முன்னாடி எத்தனை பாலம் போட்டிருக்கீங்க சார்?"

"இது ரெண்டாவது."

"மொதப் பாலம் நிக்குதா?"

"நிக்குது. அதுல நான் ஜாக்கிக்கு எண்ணெய் ஊத்துனேன்."

கொத்தனார் என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. பாவம், அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

*

நாலு உத்திரம் முடிந்தது. நாலும் முதுகைத் தூக்கின. கொத்தனார் நாலையும் சுற்றிச் சுற்றி வந்தார். நெருங்கி ஒன்றும் செய்யவில்லை, சார் பக்கத்திலேயே நின்றதால்.

ஐந்தாவதன் கம்பியை இழுத்துப் பூட்டிய அன்று மத்தியானம் சார் திருநெல்வேலிக்குக் கிளம்பினார்.

"நாளைக்கு வந்துருவேன். பார்த்துக்கிடுங்க அண்ணாச்சி," என்று பஸ் ஏறிவிட்டார்.

பார்த்துக்கொள்ளச் சொன்னால் பேச்சிமுத்து எப்படிப் பார்ப்பார்? வளைவு கட்டினால் அதற்கு அடியில் இருக்கிற சாரத்தை இருபத்தொரு நாள் தொடக்கூடாது என்று நாற்பது வருஷமாக வேலை பார்த்த கை. இங்கே அறுபதடி உத்திரம் இரண்டு முனையிலும் இருந்துகொண்டு நடுவில் அந்தரத்தில் கிடக்கிறது. சாயங்காலம் வரை பொறுத்துப் பார்த்தார். பொறுக்க முடியவில்லை. ஒரு பனந்தடியை வெட்டி வரச் சொல்லி, நடு உத்திரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். இரண்டு பக்கமும் ஆப்பு வைத்து, முனைகள் கட்டையை விட்டு எழும்பப் பார்க்கிற அளவுக்கு அடித்து இறுக்கினார்.

"இப்பத்தான் மனசு ஆறுச்சு," என்று என்னிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

விடிந்து வந்தால் உத்திரத்தின் மேல்பக்கம், சரியாக நடுவில், குறுக்கே ஒரு கோடு. விரிசல். சவர பிளேடை வைத்தால் நுனி உள்ளே போனது.

கொத்தனார் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் கை வச்சதெல்லாம் போகும்," என்றார். "வெள்ளத்துல போனது பத்தாதுன்னு இது வேற."

இசக்கியம்மாள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, சார் பத்து மணி பஸ்ஸுலதான் வருவாவ. அதுக்குள்ள அந்தத் தடியை உருவிப் போட்டுருவோம். யாருக்குத் தெரியப்போவுது?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

கொத்தனார் தலையை ஆட்டினார். "வேண்டாம் இசக்கி. நான் செஞ்சது அப்படியே இருக்கட்டும். அவர் வந்து பார்க்கட்டும்."

பத்து மணி பஸ் பத்தே முக்காலுக்கு வந்தது. அந்த முக்கால் மணி நேரமும் கொத்தனார் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

சார் விரிசலைப் பார்த்தார். குனிந்து பனந்தடியைப் பார்த்தார். பிறகு கொத்தனாரைப் பார்த்தார். திட்டுவார் என்று நாங்கள் எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டோம்.

ஒரு சம்மட்டியை எடுத்துக் கொத்தனார் கையில் கொடுத்தார்.

"நீங்க வச்ச முட்டு. நீங்களே எடுங்க."

"எடுத்தா ரெண்டா விழுந்துரும் சார்."

"விழும்போது காலை எடுத்துக்கிடுங்க."

"சார், எனக்கு அந்த ஒரு பேரு போதும். இன்னொண்ணும் எங் கையால விழ வேண்டாம்."

"அடியுங்க அண்ணாச்சி."

சார் மேலே ஏறி, விரிசலில் பிளேடைச் செருகிப் பிடித்துக்கொண்டு உத்திரத்தின்மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் இரண்டு எட்டுப் பின்னால் போனேன். கொத்தனாருக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

முதல் அடியில் ஆப்பு அசையவில்லை. அடி தப்பித் தடியில் விழுந்தது. இரண்டாவது அடியில் ஒரு ஆப்பு தெறித்தது. மூன்றாவதில் மற்றதும் போனது. பனந்தடி சாய்ந்தது.

உத்திரம் ஒரு முக்கல் முக்கி, முனைகளில் உட்கார்ந்தது. விழவில்லை.

"மேல வாங்க," என்றார் சார்.

கொத்தனார் ஏறினார். சார் கையில் இருந்த பிளேடு அசையவில்லை. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. விரிசல் அதைக் கவ்விக்கொண்டுவிட்டது. பாதியாக ஒடித்துத்தான் எடுத்தார்கள். கொத்தனார் நகத்தை வைத்துத் தடவினார். கோடு இருந்த இடம் கண்ணுக்குத் தெரிந்தது, நகத்துக்குத் தட்டுப்படவில்லை.

"மூடிக்கிட்டு," என்றார் மெதுவாக. "நான் தடியை எடுத்ததும் மூடிக்கிட்டு சார்."

"கம்பி தூக்குத முதுகை நீங்களும் அடியிலேருந்து தூக்குனா வெடிக்கத்தானே செய்யும் அண்ணாச்சி," என்றார் சார். கீழே இறங்கி, உத்திரத்தின் அடியோரமாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் கட்டினார். நடுவில் பழையபடி முதுகு தூக்கியிருந்தது.

"மணல் மூட்டை அடுக்குங்க," என்றார்.

இசக்கியம்மாளும் மற்ற சித்தாட்களும் மூட்டை கொண்டுவந்தார்கள். கொத்தனாரே வாங்கி அடுக்கினார். இருபது, நாற்பது. அவர் மூட்டையைப் பார்க்கவில்லை, நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரிசைக்கும் அந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அறுபதாவது மூட்டைக்கு நூலும் உத்திரமும் ஒன்றாகிவிட்டன.

கொத்தனார் தரையில் படுத்து அடியில் பார்த்தார். பொடி விரிசல்கூட இல்லை. எழுந்து மேலே பார்த்தார். அங்கேயும் இல்லை. மறுபடி படுத்துப் பார்த்தார்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மூன்று வருஷமாக அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. முதலில் நாங்கள் பயந்துபோனோம். அழுகிறார் என்று நினைத்து இசக்கியம்மாள் தண்ணீர் கொண்டு ஓடினாள். அவளைப் பார்த்து இன்னும் சிரித்தார். மணலில் புரண்ட முதுகோடு எழுந்து நின்று, "இசக்கி, இன்னும் நாலு மூட்டை கொண்டா," என்றார்.

"போதும் அண்ணாச்சி," என்றார் சார். "நான் கணக்குப் போட்டது அவ்வளவுதான்."

"உங்க கணக்கை யாரு கேட்டா? எனக்குப் பார்க்கணும்."

"அண்ணாச்சி, வேண்டாம்."

"ரெண்டே ரெண்டு."

குரு கையெடுத்துக் கும்பிட்டார். சீடன் ஒரு மூட்டையோடு நிறுத்திக்கொண்டார்.

மூன்று நாள் மூட்டை அப்படியே கிடந்தது. இறக்கியதும் உத்திரம் மறுபடி முதுகைத் தூக்கிக்கொண்டது. சார் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்துவிட்டு, "இது தேறிட்டு. பக்கம் பக்கமா வரிசை வைக்கும்போது இதை எந்த இடத்துல வைக்கலாம்?" என்று கேட்டார்.

"நடுவுல," என்றார் கொத்தனார், யோசிக்காமல்.

அன்று சாயங்காலம் கொட்டகைக்கு வந்தார்.

"அக்கரைக்குப் போறியா?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"எம் மகளுக்குக் காய்ச்சல் விட்டுட்டுன்னு சொல்லிரு."

*

ஐப்பசி பிறக்க நாலு நாள் இருந்தது. இக்கரையில் ஒற்றை வண்டி பூட்டி நின்றது. அக்கரையில் ஊரே வரிசை கட்டி நின்றது. பாலத்துக்கு அடியில் தூண் இல்லாததை ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

செல்லக்கனி ஓடைக்குள் இறங்கி நடந்து வந்திருந்தாள். இடுப்பில் குழந்தை. பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் மாமியார் ஆவுடைத்தங்கம். அந்த அம்மாள் கொஞ்சம் கனத்த சரீரம். எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் இருக்காது.

செல்லக்கனி பாலத்தைப் பார்த்தாள். அப்பா முகத்தைப் பார்த்தாள்.

"யப்பா," என்றாள் தணிந்த குரலில். "புள்ளையை அத்தைகிட்ட விட்டுட்டு நான் மட்டும் ஏறட்டுமா?"

பேச்சிமுத்து பேத்தியை வாங்கி வண்டிக்குள் உட்கார வைத்தார். மகளை ஏற்றினார். ஏறிய பிறகும் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். திருப்தி வரவில்லை. என் கொட்டகைக்கு வந்து, கேட்காமலே இரண்டு மூட்டை சிமென்டைத் தூக்கி வண்டியில் போட்டார். அப்புறம் ஆவுடைத்தங்கத்திடம் போனார்.

"நீங்களும் ஏறுங்க மதினி."

"நானா?"

"நீங்கதான்."

லூர்துநாதன் சார் ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு பனைமரத்துப் பக்கம் திரும்பிவிட்டார். ஆவுடைத்தங்கம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சக்கரத்தைத் தட்டினாள், அச்சாணியை ஆட்டிப் பார்த்தாள்.

"தாங்குமா அண்ணாச்சி?"

பேச்சிமுத்து மாட்டின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"வண்டிக்கு நான் பொறுப்பில்ல மதினி," என்றார். "பாலத்தைக் கேளுங்க, சொல்லுதேன்."