குளக்கரைக் கூட்டணி

கோடை முற்றிய ஒரு காட்டில், குழந்தைகளே, ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் மிஞ்சியிருந்தது. காட்டெருமையும் காட்டுப்பன்றியும் கடமானும் தத்தம் கூட்டத்தோடு அதை நம்பிப் பிழைத்துவந்தன.

ஒருநாள் மலைக்கு அப்பாலிருந்து செந்நாய்கள் வந்து இறங்கின.

"தனித்தனியாக நின்றால் செத்தோம். யாரைத் தாக்கினாலும் மூவரும் சேர்ந்து மோதுவோம்" என்றது பன்றி.

கடமான் காவல் நின்று குரல் கொடுக்க வேண்டும். பன்றி குளத்துக்கு வரும் வறண்ட ஓடைப் பாதையை அடைக்க வேண்டும். எருமை பாய்ந்து முட்ட வேண்டும். மூன்றும் குளத்து நீரைத் தொட்டுச் சத்தியம் செய்தன.

அந்த ஈரம் காயுமுன்பே எருமை கேட்டது: "வென்ற பிறகு நிழல் விழும் கரை யாருக்கு?"

"முன்னால் நின்று அடி வாங்கப்போகிறவன் நான். எனக்குத்தான்" என்றது பன்றி.

எருமை கொம்பால் கரை மண்ணைக் குத்திக் கிளறியது.

மூன்றாம் நாள் காலை கடமான் குரல் கொடுத்தது. செந்நாய்கள் ஓடைப் பாதையில் பாய்ந்து வந்தன. பன்றிக் கூட்டம் கோரைப்பற்களால் கிழித்துப் போராடியது. "எருமை அண்ணா, சீக்கிரம் வா!" என்று பன்றி அலறியது.

எருமை நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"வாக்குக் கொடுத்தோமே, போகவேண்டாமா?" என்று அதன் துணை பதறியது.

"போவோம், போவோம். பன்றிக் கூட்டம் கொஞ்சம் குறையட்டும். பிறகு கரை கேட்டு வம்புக்கு வராது."

எருமை போய்ச் சேர்ந்தபோது செந்நாய்கள் இரையோடு போய்விட்டிருந்தன. கூட்டம் சிதறிப்போக, தன் ஏழு குட்டிகளையும் பறிகொடுத்து, பன்றி தனியாக நின்றது.

"சத்தம் காதில் விழவில்லை, தம்பி" என்றது எருமை.

பன்றி அதன் முகத்தையே பார்த்தது.

மறுநாள் செந்நாய்கள் எருமைக் கன்றுகளைச் சுற்றி வளைத்தன. எருமை முட்டியது, மிதித்தது, தொண்டை கிழியக் கூப்பிட்டது. பன்றி புதருக்குள் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தது.

"ஓடிப் போய்க் காப்பாற்று! கன்றுகளுக்கு இன்னும் உயிர் இருக்கிறது" என்று கடமான் கெஞ்சியது.

"நேற்று என் குட்டிகளுக்கும் உயிர் இருந்தது" என்றது பன்றி.

கன்றுகள் விழுந்தன. எருமையும் விழுந்தது; மிஞ்சிய எருமைகள் சிதறி ஓடின. பன்றியின் மனம் ஒரு கணம் குளிர்ந்தது. அடுத்த கணமே, இரத்தம் சொட்டும் வாயோடு செந்நாய்கள் புதரின் பக்கம் திரும்பின.

"கடமானே, குரல் கொடு! கூப்பிடு!" என்று பன்றி கதறியது.

"யாரை?" என்றது கடமான்.

நீதி: பகையை வெல்லுமுன் பங்கைப் பேசும் கூட்டணி, பகைவனுக்கே துணை.