வாசலில் கிடந்த செருப்பு

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கோவையில் எஸ்தர் என்று ஓர் ஓவியர். சின்ன வயசுதான். சுவரில் அவள் வரைந்து வைத்த ஸ்விட்சை டெஸ்டர் வைத்துப் பார்த்த எலக்ட்ரீஷியன், "லைன்லயே கரண்ட் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்படிப்பட்ட கை.

அவளுக்கு ஒரு சீடர், துரைக்கண்ணு. பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரன் எடுத்த வயதில், மகள் வயதுப் பெண்ணைக் குருவாக வரித்துக்கொண்டவர். அவர் வரைந்த எந்தப் படத்திலும் அவர் பெயர் கிடையாது. "நான் சொல்றப்போ கையெழுத்துப் போடுங்க சார்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். அந்த ஒரு சொல்லுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தார் மனுஷர்.

ஒருநாள் அவள் ஃப்ளாட் வாசல் தரையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வரைந்தார். தேய்ந்த குதிகால், அறுந்த வாரில் ஊக்கு. வந்தவர்களெல்லாம் தங்கள் செருப்பை அதன் பக்கத்தில் ஒழுங்காகக் கழற்றிவிட்டார்கள். கூரியர்காரன் அதைக் காலால் ஒதுக்கப் போய், வழுக்கிக் கதவில் முட்டிக்கொண்டான்.

"பார்த்தீங்களா மேடம்! இப்ப போடலாமா கையெழுத்து?"

எஸ்தர் குனிந்து பார்த்தாள். "யாரோட செருப்பு சார்?"

"யாரோடதும் இல்ல. புதுசா வாங்கி, கருங்கல்லுல தேய்ச்சுப் பழசாக்கி, அதைப் பார்த்து வரைஞ்சேன்."

"ம்."

"ம்னா என்ன அர்த்தம்? அத்தனை பேரும் ஏமாந்துட்டாங்களே!"

"ஏமாந்தாங்க. ஆமா, முதல்முதல்ல இங்க வந்தப்போ நீங்க ஏன் பெல்லே அடிக்காம திரும்பிப் போனீங்க?"

"வாசல்ல செருப்பு கிடந்துச்சு. யாரோ வந்திருக்காங்க, பேசிட்டிருக்கறப்ப தொந்தரவு பண்ணக் கூடாதேன்னு..."

"மறுநாள்?"

"மறுநாளும் அதே செருப்பு. வெளியூர் விருந்தாளி போல, தங்கியிருக்காங்கன்னு நெனச்சு..." பாதியில் நிறுத்தினார். "நீங்க வரைஞ்சதுன்னு அப்புறம் நீங்க அதை அழிக்கறப்பதானே தெரிஞ்சுது."

எஸ்தர் கதவைத் திறந்தாள்.

"உங்க செருப்பைப் பார்த்துட்டு, உள்ள யார் வந்திருக்காங்கன்னு யாராச்சும் கேட்டாங்களா சார்?"

துரைக்கண்ணு கையெழுத்துப் போட எடுத்திருந்த தூரிகையைத் துடைத்து வைத்தார்.

இதையெல்லாம் நான் சொன்னேன் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அவர் வீட்டில் எனக்கு இன்னும் காபி கிடைத்துக்கொண்டிருக்கிறது.