பாக்கியமேரி டீச்சரின் போன்

"எந்தப் போன் வாங்கட்டும் டீச்சர்?"

தவசிலிங்கம் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிட்டார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

டீச்சர் சிரித்தார். "யாருண்ணே நீங்க?"

"தவசிலிங்கம். வத்தலக்குண்டு தேனி பஸ் ஓட்டினேன். இருபத்தாறு வருஷம். சர்க்கரை கண்ணை எடுத்துக்கிருச்சு."

"எப்ப?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

டீச்சர் பெயர் பாக்கியமேரி. வயது முப்பத்தொன்று. பிறவியிலேயே பார்வை இல்லை. வத்தலக்குண்டில் சர்ச்சுக்குப் பின்னால் ஓர் அறை. புதன்கிழமைதோறும் அங்கே வகுப்பு. நடுவயதில் பார்வை போனவர்கள் வருவார்கள். கோலைத் தட்டி நடக்க, அடுப்புப் பற்றவைக்க, போன் பேச டீச்சர் சொல்லிக்கொடுப்பார்.

அவர் சொல்லிக்கொடுத்தார் என்பதைவிட, அவரிடம் வந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்பதே சரி. அது எப்படி நடந்தது என்று வந்தவர்களுக்கே தெரியாது.

"இருக்கிற போனுக்கு என்ன?" என்றார் டீச்சர்.

"பதினோரு வருஷம் ஆச்சு. ஏழாம் பட்டன் உள்ள போயிருச்சு. நாலை நகத்தால குத்தணும். பேட்டரி நிக்காது, ரப்பர் பேண்டு போட்டிருக்கேன்."

"சரி."

"மச்சினன் பெரிய போனா வாங்குங்கங்கிறான். மக பட்டன் போனே போதும்ங்கிறா. கடைக்காரர் எட்டுப் போனை எடுத்து வச்சாரு. ஒவ்வொண்ணுக்கும் என்ன கலர் வேணும்னு கேட்டாரு."

டீச்சர் வெகுநேரம் சிரித்தார். அறையில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். கடைசியில் தவசிலிங்கமும் சிரிக்க வேண்டியதாயிற்று.

"நீங்க சொல்லுங்க டீச்சர். நீங்க சொல்றதை வாங்கிர்றேன்."

"போனைக் கொடுங்க."

இரண்டு கைகள் காற்றில் தேடி ஒன்றையொன்று கண்டுகொண்டன. டீச்சர் போனை விரலால் தடவிப் பார்த்தார். தேய்ந்த பட்டன்கள் மேல் விரல் மெல்லப் போயிற்று.

"நல்லா உழைச்சிருக்கு," என்றார். "இதுல யார்கூடப் பேசுவீங்க?"

"மககூட. வினோதினி. வேலூர்ல நர்ஸா இருக்கா. மத்தியானம் ஒரு மணிக்கு அவளுக்குச் சாப்பாட்டு நேரம். அப்பக் கூப்பிடுவா."

"எடுக்கலைன்னா?"

தவசிலிங்கத்தின் மனைவி இறந்து ஆறு வருடம். வீட்டில் தனி ஆள். போன வருஷம் புரட்டாசியில் சர்க்கரை இறங்கி அடுப்படியில் விழுந்துவிட்டார். காலையில் விழுந்தவரை மறுநாள் காலை பால்காரர்தான் பார்த்தார். அன்றைக்கு மகள் ஒரு நிபந்தனை போட்டாள். மத்தியானம் கூப்பிடுவேன், எடுக்கணும். என்றைக்கு எடுக்கவில்லையோ, அன்றைக்கே வந்து வேலூருக்குக் கூட்டிப் போய்விடுவேன்.

வேலூரில் அவள் இருந்தது ஒற்றை அறை. மூன்றாவது மாடி.

"எடுக்கலைன்னா வந்து கூட்டிட்டுப் போயிருவா."

"போக இஷ்டம் இல்லையா?"

"இங்க எனக்கு ஒவ்வொரு சந்தும் தெரியும் டீச்சர். எந்த வீட்டு வாசல்ல குழாய் இருக்கு, எங்க நாய் படுத்திருக்கும், எல்லாம் தெரியும். அங்க போனாத்தான் நான் குருடன்."

"மக நம்பர் என்ன?" என்றார் டீச்சர்.

"ரெண்டை அழுத்திப் பிடிச்சாப் போயிரும்."

"நம்பரைக் கேட்டேன்."

தவசிலிங்கம் யோசித்தார். தொண்டையைக் கனைத்தார்.

"தெரியாது."

"வத்தலக்குண்டுலேருந்து தேனிக்கு எத்தனை ஸ்டாப்பு?"

"முப்பத்தொண்ணு."

"சொல்லுங்க."

சொன்னார். மூச்சு விடாமல் சொன்னார். காட்ரோடு சொன்னார், தேவதானப்பட்டி சொன்னார், பெரியகுளத்தில் மட்டும் நான்கு சொன்னார். லட்சுமிபுரம் வரும்போது, அதற்கு முன்னால் இருக்கும் வேகத்தடையையும் சேர்த்துச் சொன்னார். முடித்தபோது சுவரோரம் இருந்த ஓர் அம்மா கைதட்டினார்.

"மக நம்பர்ல பத்தே ஸ்டாப்புத்தான்ணே," என்றார் டீச்சர். "அடுத்த புதன் வாங்க."

"அப்ப போனு?"

டீச்சர் அதற்குள் அடுத்தவர் பக்கம் திரும்பியிருந்தார்.

*

அடுத்த புதன், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தவசிலிங்கம் பத்து எண்ணையும் சொல்லிக்கொண்டு வந்தார்.

"இப்பச் சொல்லுங்க. எந்தப் போன்?"

டீச்சர் தன் போனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

தவசிலிங்கம் தடவினார். முன்பக்கம் தடவினார், பின்பக்கம் தடவினார். வழவழவென்று இருந்தது. ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை.

விரல் பட்டதும் போன் பேசியது. தகரத்தில் மழை கொட்டியது போல ஒரே ஓட்டம்.

"இது என்ன பாஷை டீச்சர்?"

"தமிழ்தான்."

"உங்களுக்குப் புரியுதா?"

"எனக்கு இதுவே மெதுவு." டீச்சர் ஏதோ செய்தார். குரல் நிதானமாயிற்று. "இப்ப நகர்த்துங்க. விரல் எங்க இருக்கோ, அதைச் சொல்லும். வேணும்கிறது வந்தா, ரெண்டு தட்டு."

தவசிலிங்கம் நகர்த்தினார். போன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தது. எதையோ தட்டினார். எங்கோ போய்விட்டது. திரும்பத் தெரியவில்லை. போனை மடியில் வைத்துவிட்டார்.

"எதைப் பிடிச்சு டீச்சர் நிக்கிறது இதுல? ஒண்ணுமே இல்லையே."

"ரோட்டுல எதைப் பிடிச்சு நின்னீங்க?"

"கண்ணைப் பிடிச்சு நின்னேன்."

கோபமாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே கஷ்டமாக இருந்தது.

டீச்சர் கோபிக்கவில்லை. "அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுண்ணே," என்றார். "நீங்கதான் சொல்லணும்."

தவசிலிங்கம் சொன்னார். விடியற்காலை பஸ்ஸை எடுக்கும்போது மலைப்பக்கம் மேகம் இறங்கி நிற்பதைச் சொன்னார். எதிரே வரும் லாரியின் வெளிச்சத்தை வைத்தே டிரைவர் தூங்குகிறானா இல்லையா என்று கண்டுபிடிப்பதைச் சொன்னார். டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"வண்டி ஓட்டப் பழகுனப்ப முதல் நாள் எப்படி இருந்துச்சு?"

"புளியமரத்துல விட்டேன்."

"அப்ப இன்னைக்குப் பரவாயில்ல," என்று டீச்சர் போனை எடுத்து மறுபடி அவர் கையில் வைத்தார்.

*

இரண்டு மாதம் அப்படியே போயிற்று. புதன்தோறும் அரைமணி நேரம் டீச்சரின் போனில் பழகினார். தட்டினால் எங்கோ போகும். போன இடத்திலிருந்து திரும்பப் பழகினார். பக்கவாட்டில் சத்தம் கூட்டவும் குறைக்கவும் இருக்கும் இரண்டு பட்டனையும் சேர்த்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் பேச்சு நிற்கும், மறுபடி பிடித்தால் பேசும் என்று பழகினார். எந்தப் போன் என்ற கேள்வியை மட்டும் விடவில்லை. டீச்சரும் பதில் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒரு புதன். ஒரு மணி. தவசிலிங்கத்தின் பையில் பழைய போன் அடித்தது.

எடுத்தார். பச்சைப் பட்டனை அழுத்தினார். அழுந்தியது, ஆனால் அடிப்பது நிற்கவில்லை. மறுபடி அழுத்தினார். நகத்தால் குத்தினார். ரப்பர் பேண்டைக் கழற்றி, தட்டி, திரும்ப மாட்டினார். அடித்து ஓய்ந்தது.

மறுபடி அடித்தது. மறுபடி ஓய்ந்தது.

மூன்றாவது முறை பாதியில் நின்றது. போன் அதோடு உயிரை விட்டது.

"டீச்சர்," என்றார். குரல் மாறியிருந்தது. "அவ கிளம்பிருவா."

டீச்சர் எழுந்து வந்து தன் போனை அவர் கையில் வைத்தார்.

"நீங்க போட்டுக் கொடுங்க டீச்சர். அவசரம்."

பதில் இல்லை.

"டீச்சர்!"

"இங்கதான் இருக்கேன்," என்றார் டீச்சர். அவ்வளவுதான் சொன்னார்.

தவசிலிங்கம் முதலில் தப்பாகப் போட்டார். அழித்தார். ஆறாவது எண்ணில் விரல் வழுக்கியது. மறுபடி அழித்தார். நெற்றியில் வேர்வை வழிந்து மூக்கில் நின்றது, துடைக்கவில்லை. சுவரோரம் இருந்த அம்மா வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டார். போன் ஒவ்வோர் எண்ணாக நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தது. அதற்கு ஓர் அவசரமும் இல்லை. பத்து. ரெண்டு தட்டு.

மணி அடித்தது.

"யாரு?" என்றது மகள் குரல். மூச்சு வாங்கியது. பின்னால் மாடிப்படி இறங்கும் சத்தம்.

"நான்தாம்மா."

"அப்பா! ஏம்ப்பா எடுக்கல? சேகர் மாமாவை ஓடச் சொல்லிட்டேன். நான் லீவு எழுதிக் கொடுத்துட்டு இறங்கிட்டேன். என்னாச்சு? இது யாரு நம்பர்?"

"டீச்சர் போனு. நம்ம போன் போயிருச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல."

"யாருப்பா போட்டுக் கொடுத்தாங்க?"

"யாரும் போடல."

"பின்ன?"

"நான்தான் போட்டேன்."

படியிறங்கும் சத்தம் நின்றது.

"என் நம்பர் உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்றாள் மகள்.

"சாப்பிட்டுப் போய் வேலையைப் பாரும்மா," என்றார் தவசிலிங்கம்.

*

மச்சினன் ஞானசேகரன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தபோது, தவசிலிங்கம் இன்னும் போனைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"மாமா! என்ன மாமா, போன் எடுக்கலைன்னு வினோதினி அழுவுது."

"பேசிட்டேன் மாப்ளே. இப்பத்தான் இதுல பேசினேன்."

ஞானசேகரன் போனைப் பார்த்தான். குனிந்து பார்த்தான். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"இது ஆஃப்லல்ல இருக்கு? கறுப்பா இருக்கு மாமா. ஒண்ணுமே தெரியல."

அவன் விரல் பட்டதும் போன் பேசியது. ஞானசேகரன் கையை உதறினான்.

"அது அப்படித்தான் தம்பி," என்றார் டீச்சர். "படியில விழுந்துச்சு. கடையில கொடுத்தேன். போன் போயிருச்சும்மான்னாரு. எது போச்சுன்னு கேட்டேன். டிஸ்பிளேன்னாரு. அப்ப ஒண்ணும் போகலைன்னு வாங்கிட்டு வந்துட்டேன். மூணு வருஷம் ஆச்சு."

ஞானசேகரன் போனைப் பார்த்தான். டீச்சரைப் பார்த்தான். எத்தனை இன்ச், எத்தனை கேமரா என்று ஆறு மாதமாக மாமாவுக்குச் சொல்லிவந்தவன், போனை இரண்டு கையாலும் பிடித்து டீச்சரிடம் கொடுத்தான்.

"இதே மாதிரி ஒண்ணு வாங்கிரட்டுமா டீச்சர்?" என்றார் தவசிலிங்கம்.

"இது செத்த போனுண்ணே. கடையில கிடைக்காது."

"அப்ப எதை வாங்கறது?"

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்தவர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

தவசிலிங்கம் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வா மாப்ளே. கடைக்குப் போவோம்."

*

கடைக்காரருக்கு அவரை நினைவிருந்தது. "வாங்க சார். இந்தத் தடவை புது மாடல் வந்திருக்கு. நீலம் ஒண்ணு, பச்சை ஒண்ணு…"

"எல்லாத்தையும் வரிசையா என் முன்னாடி வைங்க."

கடைக்காரர் ஞானசேகரனைப் பார்த்தார். ஞானசேகரன் தலையாட்டினான். ஏழெட்டுப் போன்கள் கண்ணாடி மேசை மேல் வந்தன.

தவசிலிங்கம் முதல் போனைக் கையில் எடுத்தார். பக்கவாட்டில் தடவி இரண்டு பட்டனைக் கண்டுபிடித்தார். சேர்த்து அழுத்திப் பிடித்தார்.

போன் பேசியது. இங்கிலீஷில் பேசியது.

கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அதுவும் பேசியது. மூன்றாவது பேசவில்லை, ஏதோ கேட்டு மணியடித்தது. நான்காவது இந்தியில் பேசியது. அவர் நிறுத்தாமல் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார். ஐந்து போன்கள் மேசை மேல் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன. கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், என்ன சார் பண்ணுனீங்க?" என்றார் கடைக்காரர். "பத்து வருஷமா கடை வச்சிருக்கேன். ஒண்ணுகூட இப்படிப் பேசுனதில்லையே."

"எனக்கும் ரெண்டு மாசமாத்தான் தெரியும்," என்றார் தவசிலிங்கம்.

கடைக்காரர் ஒரு போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். கீழே வைத்தார். இந்த முறை அவர் கலரைப் பற்றிக் கேட்கவில்லை.

"இதுல எதைக் கொடுக்கட்டும் சார்?"

"கைக்கு எது கிட்ட இருக்கோ, அதைக் கொடுங்க."