ஆவியாகப் போன பத்து

தாணுலிங்கம் சார் கரும்பலகையில் எழுதிவிட்டால் அது கல்வெட்டு. அன்று வேதியியல் ஆய்வகத்தில் மயில்துத்தக் கரைசலைப் பத்தில் ஒரு பங்காக நீர்க்கச் சொல்லி, 'பத்து மில்லி கரைசலோடு நூறு மில்லி தண்ணீர் சேர்' என்று எழுதியிருந்தார். அப்படியே சேர்த்தால் மொத்தம் நூற்றுப்பத்து. மாணவி ஜெசிந்தாவின் கணக்கில் பதினொன்றில் ஒரு பங்குதான் வந்தது. அதைச் சொன்னாள்.

"நான் சொன்ன தண்ணியில ஒரு சொட்டு குறையக் கூடாது. பத்தில் ஒரு பங்கும் வரணும். வரலைன்னா நாளைக்குச் செய்முறைத் தேர்வுக்கு வராதே," என்றார்.

மற்றவர்கள் சத்தமில்லாமல் விடையைத் திருத்திக்கொண்டார்கள். எல்லார் குடுவையிலும் ஒரே நீலம். எது பொய் என்று கண்ணுக்குத் தெரியவா போகிறது?

ஜெசிந்தா பர்னரைப் பற்றவைத்துக் கரைசலைக் கொதிக்கவிட்டாள். வற்றியதும் ஆறவைத்து அளவுக்குடுவையில் ஊற்றினாள். நூறு மில்லிக் கோட்டில் நின்றது.

"என்னம்மா, ரசம் வைக்கிறியா?"

"நீங்க சொன்ன நூறையும் ஊத்திட்டேன் சார். அதுல பத்து ஆவியாப் போயிடுச்சு. மயில்துத்த உப்பு போகல. இப்ப பத்தில் ஒரு பங்கு சரியா இருக்கும்."

எழுந்த சிரிப்பு அவர் முகத்தைப் பார்த்து அடங்கியது. குடுவையையே பார்த்துக்கொண்டு நின்றவர், கரும்பலகைக்குப் போய் 'நூறு மில்லி தண்ணீர் சேர்' என்பதை அழித்து, 'மொத்தம் நூறு மில்லி வரும்வரை தண்ணீர் சேர்' என்று எழுதினார்.

"நாளைக்கு நேரத்தோட வந்துடு," என்றார், திரும்பாமலே.