நூற்று நான்கு

சென்றாயன் மடத்துக்குள் வந்தபோது காலை பதினொரு மணி. செருப்போடு அடுக்களை வரைக்கும் வந்துவிட்டான். மடத்தம்மா அவன் காலைப் பார்த்தார். அவனே குனிந்து பார்த்து, திரும்பிப் போய், வாசலில் கழற்றிவிட்டு வந்தான்.

தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில், லாரி எடைமேடைக்கு எதிரே இருக்கிறது அந்த மடம். மடம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. யாரோ ஒரு சாமியாரின் சமாதி, அதற்கு மேல் ஓட்டுக்கூரை, பக்கத்தில் ஓர் அடுக்களை, முன்னால் ஒரு புங்கமரம். அந்த மரத்தின் இலை பச்சைதான் என்பது மழை பெய்த மறுநாள் மட்டும் தெரியும். மற்ற நாளெல்லாம் அது உலைத் தூசியின் நிறத்தில் இருக்கும்.

மடத்தம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. சென்றாயனைவிட ஏழு வயது இளையவர். முன்பு நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தார் என்று ஒரு பேச்சு உண்டு. கல்யாணமான நாலாம் நாள் தாலியைக் கழற்றி மாமியார் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பி வந்தவர் என்று இன்னொரு பேச்சு. எது நிஜம் என்று அவரிடமே கேட்டவர்களும் இருக்கிறார்கள். "ரெண்டுமே நல்லாத்தான இருக்கு" என்பார்.

சென்றாயன் அரசு ஆய்வகத்தில் காற்றுத் தூசியை எடை போடுகிறவன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவன் இங்கே வந்தது ஞானம் தேடி அல்ல, காற்றுக் கருவியை வைக்க ஒரு மாடி தேடி. காற்றை உள்ளே இழுத்து, அதிலிருக்கும் தூசியை ஒரு வெள்ளைத் தாளில் பிடித்துவைக்கிற கருவி அது. மடத்தம்மா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, இழுத்த காற்றை என்ன செய்யும் என்று கேட்டார். தூசியைத் தான் வைத்துக்கொண்டு காற்றை வெளியே விட்டுவிடும் என்றான் அவன். "அப்ப நம்மளவிட நல்ல பிறவி" என்றார் மடத்தம்மா. மடத்தில் மாடி இல்லை. கருவி வேறு இடத்துக்குப் போனது. அடுத்த வாரம் சென்றாயன் மட்டும் திரும்பி வந்தான். அன்றிலிருந்து வந்துகொண்டிருக்கிறான்.

இப்போது அவன் அடுக்களை வாசல்படியில் உட்கார்ந்தான். மடத்தம்மா சின்ன உரலில் இஞ்சி நசுக்கிக்கொண்டிருந்தார். வைகாசி வெயில். கோடை முழுக்கப் பேட்டைத் தொழிலாளர்களுக்கு மத்தியானம் மடத்தில் மோர் ஊற்றுவது வழக்கம். பெரிய அண்டாவில் மோர் கரைத்து வைத்திருந்தது.

அவன் விஷயத்தைச் சொன்னான். பேட்டையின் கடைசியில் இருக்கிற இரும்பு உலையின் புகையைப் பிடிக்கும் துணிப் பைகள் கிழிந்துபோய் ஒரு வருஷமாகிறது. ஒரு கன மீட்டர் காற்றில் தூசி நூறு மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். முதல் தடவை எடுத்த அளவும் தாண்டியது, இரண்டாம் தடவையும் தாண்டியது. மூன்றாம் தடவையும் தாண்டினால் பைகளை மாற்றும்வரை உலையை நிறுத்தச் சொல்லி ஆணை போய்விடும். பைகள் வெளியூரிலிருந்து வர வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதம். அதுவரை ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வேலை கிடையாது. அதில் சென்றாயனுடைய தங்கை புருஷன் மாதையனும் ஒருத்தன்.

மூன்றாவது தாளை நேற்று எடை போட்டாயிற்று. நூற்று நான்கு.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்" என்றான்.

மடத்தம்மா இஞ்சியை வழித்து அண்டாவில் போட்டார்.

அவன் மனசை அரித்தது அந்த எண் அல்ல. எடை போடுவதற்கு முன்னால் தாளைக் கண்ணாடிச் சாடி ஒன்றில் ஒரு நாள் வைத்து ஈரம் போக்குவார்கள். சாடியின் அடியில் ஈரத்தை உறிஞ்சும் நீல மணிகள் கிடக்கும். போன வாரம் கோடை மழை பெய்தது. தாளில் இன்னும் ஈரம் இருக்கலாம். இன்னொரு நாள் வைத்தால் எடை குறையலாம், நூற்றுக்குக் கீழேகூட வரலாம். ஒரு நாள் உலர்த்து என்று விதியில் இருக்கிறது. இரண்டு நாள் உலர்த்தாதே என்று எங்கேயும் இல்லை. உலை மேனேஜர் காலையில் போன் போட்டு இதைத்தான் மரியாதையாகச் சொன்னார். பொய் எழுதச் சொல்லவில்லை, நன்றாகக் காயட்டும் என்றுதான் சொல்கிறோம், ஒரு நாள் அவகாசம் வேண்டும் என்று எழுதிப் போட்டால் மேலே யாரும் கேட்கப் போவதில்லை என்றார். தாளை மறுபடி சாடிக்குள் வைத்துவிட்டுத்தான் சென்றாயன் கிளம்பி வந்திருந்தான். எதற்கு வைத்தோம் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தான். பதில் தெரிந்திருந்தது, அதனால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

"அம்மா, தொண்ணூத்தொம்பதுன்னா நல்ல காத்து, நூத்தி ஒண்ணுன்னா விஷமா? நடுவுல அப்படி என்னதான் இருக்கு?"

மடத்தம்மா உப்புச் சட்டியை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினார்.

"மோருக்கு இன்னும் உப்புப் போடலை. போட்டுக் கலக்குங்க."

"எவ்வளவு?"

"குடிச்சுப் பார்த்துப் போடுங்க."

ஒரு பிடி போட்டுக் கலக்கி, கையில் ஊற்றிக் குடித்துப் பார்த்தான். சப்பென்றிருந்தது. இன்னொரு பிடி போட்டான். அவன் நாக்குக்குச் சரியாக இருந்தது. சட்டியை மூடி வைத்தான். கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்று மடத்தம்மாவைப் பார்த்தான். அவர் கொத்தமல்லியைக் கிள்ள ஆரம்பித்திருந்தார்.

பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியது.

முதலில் வருகிறவர்கள் எப்போதும் உலைக்காரர்கள்தான். கண்ணும் பல்லும் தவிர மற்றதெல்லாம் கறுப்பு. சட்டை உடம்போடு ஒட்டி, முதுகில் வியர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். மாதையன் முன்னால் நின்றான். மச்சான் கையில் கரண்டியைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரசாங்கமே வந்து மோர் ஊற்றுகிறது, நமக்கு நல்ல காலம்தான் என்று பின்னால் நின்றவர்களிடம் சொன்னான். ஒரு டம்ளரைக் குடித்தான். சிரிப்புப் போய்விட்டது.

"என்ன மச்சான், பிள்ளை பெத்தவளுக்கு வச்ச பத்தியமா?"

சரியாகத்தான் இருக்கிறது என்றான் சென்றாயன்.

"உனக்குச் சரி. ஃபேனுக்கு அடியில உக்கார்ற உடம்பு. எங்கூட உலை வாயில ஒரு மணி நேரம் நின்னுட்டு வந்து குடிச்சுப் பாரு."

பின்னால் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன், இந்த மடத்து மோரே எப்போதும் இப்படித்தான், உப்பை யாரோ பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றான். மடத்தம்மா காதில் விழுகிற மாதிரிதான் சொன்னான். அவர் தலை நிமிரவில்லை. இன்னொருவன் கையைத் தூக்கித் தன் முழங்கையை நக்கிக் காட்டி, மோரைவிட இது தேவலை என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சென்றாயனும் சிரித்தான்.

அவர்கள் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. உடம்பிலிருந்து அவ்வளவு உப்பு போனவர்களுக்கு இது எந்த மூலைக்கு? ஒரு பிடி போட்டான். போதவில்லை என்றார்கள். இன்னொரு பிடி. அதற்கும் மேலே ஒன்று. மாதையன் இரண்டாம் டம்ளரை மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்தான்.

"இது மோரு."

வரிசை நகர்ந்தது. உலைக்காரர்கள் இரண்டு டம்ளர், மூன்று டம்ளர் என்று குடித்தார்கள். இத்தனை வருஷத்தில் மடத்தில் இப்படி ஒரு மோர் குடித்ததில்லை என்று ஒருவர் மனசாரச் சொல்லிவிட்டுப் போனார். நடுவில் ஆபீஸ் கிளார்க் ஒருவர் வந்தார். ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார், மிச்சத்தை மரத்தடியில் ஊற்றிவிட்டு எதிர்க்கடைக்குச் சோடா குடிக்கப் போனார். ஐம்பது பேருக்கு ஒருத்தர் என்று சென்றாயன் நினைத்துக்கொண்டான். அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. காலையிலிருந்து அவன் நெஞ்சில் கிடந்த கனம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது.

கடைசியாக அங்காயி வந்தாள்.

அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவள். உலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது பள்ளிக்கூடம். மடத்தில் மாடி இல்லாமல் போனதால் காற்றுக் கருவி அந்த மாடிக்குத்தான் போனது. மாடிச் சாவி அவள் இடுப்பில். தாள் மாற்ற சென்றாயன் போகும்போதெல்லாம் முன்னால் ஏறிப்போய்க் கதவைத் திறந்துவிடுவாள். போன மாதம் பதினெட்டுப் படி ஏறுவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டாள். கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்றிருந்தன. ரத்தக் கொதிப்பாம், உப்பை அடியோடு விடு என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். கருவாட்டுச் சட்டியை மருமகளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று, செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னாள்.

இப்போது டம்ளரை நீட்டினாள். சென்றாயன் ஊற்றினான். கை பழகிவிட்டிருந்தது. சமாதி இருக்கும் பக்கம் அவள் ஒரு தரம் பார்த்துவிட்டு, டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள்.

சென்றாயன் டம்ளரைப் பிடுங்கினான்.

மோர் அவள் சேலை மேல் கொட்டியது. அவள் அவனையே பார்த்தாள்.

"ஏன் சார்? எம்முறை வர்றப்பத்தான் புடுங்கணுமா?"

உப்பு அதிகம் என்றான்.

"எல்லாரும் குடிச்சுட்டுத்தான போறாங்க."

"உங்களுக்கு ஆகாதும்மா."

"மடத்து மோரு சார். தெனமும் குடிக்கறேன். ஒரு நாளும் ஒண்ணும் பண்ணினதில்லை."

மடத்தம்மா எழுந்து வந்து பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தார். அங்காயி அதைக் குடித்தாள். சேலையை உதறினாள். மடத்துக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று, எல்லாம் ஆள் மாறி நின்றால் இப்படித்தான் என்று சாலை வரைக்கும் சொல்லிக்கொண்டே போனாள்.

சென்றாயன் கையில் டம்ளர் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவன் மாதிரி நின்றான்.

"அம்மா, நீங்க தினமும் எத்தனை பிடி போடுவீங்க?"

"ஒண்ணு."

"உலைக்காரங்க கேக்க மாட்டாங்களா?"

"தெனமும் கேப்பாங்க. பாவம், அவங்க கேக்கறதும் சரிதான்." மடத்தம்மா அண்டாவை எட்டிப் பார்த்தார். "அங்காயி வராத நாள் வந்தா அவங்க கேக்கற மாதிரி போட்டுடலாம்னு இருக்கேன். இதுவரைக்கும் அப்படி ஒரு நாள் வரலை."

எதிரே எடைமேடையில் ஒரு லாரி ஏறி நின்றது. இறங்கிப் போனது.

சென்றாயன் போனை எடுத்தான். ஆய்வகத்தில் உடன் வேலை பார்க்கிறவர் பேசினார். தாளைச் சாடியிலிருந்து எடுத்து உறையில் போட்டுவிடச் சொன்னான். மறுபடி எடை பார்க்கவா என்று அவர் கேட்டார் போலிருக்கிறது. வேண்டாம் என்றான். ஒரு நாள் உலர்ந்தாயிற்று, விதிப்படி அது போதும். நூற்று நான்கு என்று எழுதி இப்போதே அனுப்பிவிடுங்கள், பதிவேட்டில் கையெழுத்துப் போட நான் வந்துவிடுகிறேன் என்றான். வைத்துவிட்டான்.

மாதையன் போயிருக்கவில்லை. மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தவன், எழுந்து உட்கார்ந்திருந்தான். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. அவன் கத்துவான் என்று சென்றாயன் காத்திருந்தான். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. மாதையன் துண்டை உதறித் தோளில் போட்டான். தொட்டியில் தன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

"சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன் தங்கச்சிகிட்ட நீயே சொல்லிடு மச்சான். அதை என்னைய சொல்ல வைக்காத."

அவன் வெயிலில் இறங்கி உலைப் பக்கம் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

சென்றாயன் படியில் உட்கார்ந்துவிட்டான். மடத்தம்மா மிச்ச மோரில் தண்ணீர் விட்டுக் கலக்கினார், குடித்துப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார். அண்டாவைத் தட்டால் மூடினார்.

"எழுதினது சரின்னு தெரியுது" என்றான் சென்றாயன். "ஆனா உலை நின்னா இந்த வரிசையில முக்கால்வாசிப் பேரு வர மாட்டாங்க."

"வருவாங்க."

"வேலை இல்லாம எதுக்கு இவ்வளவு தூரம்?"

"வேலை இல்லாதவனுக்கும் தாகம் எடுக்கும்ல."

அவன் தலை குனிந்தான்.

"நாளையிலருந்து மோர் ஊத்த நீங்களே வந்துடுங்க" என்றார் மடத்தம்மா. "உலை மறுபடி எரியற வரைக்கும்."

"நானா? அம்மா, அவங்க எம்மூஞ்சியைப் பார்ப்பாங்களே."

மடத்தம்மா கரண்டியைக் கழுவி அவன் கையில் கொடுத்தார்.

"பார்க்கட்டும்" என்றார்.