ஊஞ்சல் பலகை இறங்கிய வழி

நல்லசிவம் ஓய்வுபெற்ற பிறகும் அவரிடம் கேள்வி கேட்க வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். கோவையில் வீடு கட்டி விற்கும் நிறுவனம் ஒன்றுக்கு அவர் பல வருஷம் தலைவராக இருந்தவர். கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்லும் பழக்கம் அவருக்குக் குறைவு.

பொற்கொடி அவரிடம்தான் தொழில் கற்றாள். சைட் இன்ஜினியராகச் சேர்ந்த புதிதில், நல்ல சுவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாள். அவர் அவளைப் பூசாத ஒரு சுவரின் அருகில் நிற்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மத்தியானம் திரும்பி வந்து என்ன தெரிந்தது என்று கேட்டார்.

"வெயில் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு தெரிஞ்சுது சார்."

"அப்ப ஜன்னலை எங்க வெக்கணும்னு தெரிஞ்சுபோச்சு. சுவரைக் கொத்தனார் பாத்துக்குவார், போ."

அதன் பிறகு அவள் எங்கேயும் நிற்கவில்லை. சைட்டிலிருந்து திட்டப் பிரிவு, அங்கிருந்து விற்பனை, பிறகு நிலம் வாங்குவது என்று ஒவ்வொன்றாகக் கற்று ஏறி வந்தாள். நாற்பத்தேழு வயதில் நிறுவனத்தில் அவளுக்கு மேலே ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. இப்போது அது காலியாகப் போகிறது.

அந்த நாற்காலிக்கு இரண்டு பேர் பெயர் அடிபட்டது. ஒன்று அவளுடையது. இன்னொன்று நிதிப் பிரிவைப் பார்க்கிறவருடையது. இயக்குநர்கள் நல்லசிவத்தின் வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். அவரிடம் கேட்டுவிட்டார்கள் என்றும், அவர் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போய்விட்டார் என்றும் அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அவர் தன்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூடப் பொற்கொடி தாங்கியிருப்பாள். சும்மா இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனாள்.

வீடு ஆறாம் மாடியில் இருந்தது. நிறுவனமே கட்டிய கட்டடம். அவள் முழுப்பொறுப்பில் திட்டம் போட்ட முதல் கட்டடமும் அதுதான். அவர் மனைவி சௌந்தரம் காலமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது.

கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் ஊஞ்சலைக் காணோம். விட்டத்தில் கொக்கிகள் மட்டும் இருந்தன. சங்கிலி ஒரு சாக்குப் பையில் கிடந்தது. ஆள் நீளத் தேக்குப் பலகை தரையில் படுத்திருந்தது.

"வா அம்மிணி. அதுல உக்காரு."

அவர் காட்டியது கை வைத்த மர நாற்காலி. அதன் ஒரு கையில் வெள்ளை வேட்டியிலிருந்து கிழித்த துணி இறுக்கமாக முடிச்சிட்டுக் கிடந்தது. உட்கார்ந்த பொற்கொடி, நாற்காலிக்குக் கை ஆடுகிறதா, எதற்கு இந்தக் கட்டு என்று கேட்டாள். அவர் காப்பி போடுவதாகச் சொல்லி உள்ளே போனார்.

காப்பியில் சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவரே சொன்னார்.

"அவ இருந்தா அம்மிணிக்குச் சர்க்கரை கம்மின்னு ஞாபகம் வெச்சிருப்பா. எனக்கு சிமென்ட் கலவைதான் வரும்."

கூடத்தின் ஓரத்தில், சுவருக்குள் பதித்த சின்னப் பூஜை மாடம் ஒன்று இருந்தது. அதில் சாமிப் படங்களுக்குக் கீழே சௌந்தரத்தின் படம் இருந்தது. விளக்கு எரிந்தது. விளக்கேற்றும்போதெல்லாம் சௌந்தரம் பொற்கொடியின் பேரைச் சொல்வாளாம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், இது நம்ம அம்மிணி யோசனை, ஒரு பெண் வீடு கட்டினால்தான் சாமிக்கு இடம் கிடைக்கிறது என்பாளாம். நல்லசிவம் அதை மெதுவாகச் சொல்லிவிட்டு விளக்கின் திரியைத் தூண்டினார்.

உண்மையில் அந்த மாடத்தால்தான் பொற்கொடி மேலே வந்தாள். முதல் வரைபடத்தில் இந்தக் கட்டடத்துக்கு இரண்டு லிஃப்ட் இருந்தன. ஒன்று சின்னது. இன்னொன்று ஆள் படுத்தபடி போகக்கூடிய நீளமானது. பொற்கொடி நீளமானதை எடுத்துவிட்டு இரண்டையுமே சின்னதாகப் போட்டாள். மிச்சப்பட்ட இடத்தில், லிஃப்டை ஒட்டிய வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பூஜை மாடம் கிடைத்தது. விதிப்படி அதில் தவறு ஏதும் இல்லை. அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே எல்லா வீடுகளும் விற்றுப்போயின. அடுத்த மாதமே அவள் திட்டப் பிரிவுக்குத் தலைவியானாள்.

அன்றைய கூட்டம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வரைபடத்தைப் பார்த்த நல்லசிவம், யாரையாவது படுக்க வைத்துக் கொண்டுபோக வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அவள் சட்டென்று சொன்னாள்.

"வீடு வாங்க வர்றவங்க எல்லாரும் நடந்துதானே சார் வர்றாங்க."

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். விற்பனைப் பிரிவில் வெகுநாள் அந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள்.

பொற்கொடி டம்ளரைக் கீழே வைத்தாள். நாளை இயக்குநர்கள் கூடுகிறார்கள் என்று தொடங்கி, தான் கடந்து வந்த ஒவ்வொரு படியையும் சொன்னாள். மழையில் தளம் போட்டது, பட்டா சிக்கலில் அலைந்தது, மகளின் பள்ளி விழா ஒன்றுக்கும் போகாதது எல்லாம் வந்தது. கடைசியில் கேட்டாள்.

"அந்த நாற்காலியில உக்கார எனக்கு இன்னும் என்ன சார் குறையுது?"

அவர் பலகையைப் பார்த்தார்.

"இதைக் கீழ இறக்கணும். பொள்ளாச்சியில மச்சினிச்சி வீட்டுக்குப் போகுது. வண்டி வந்து நிக்குது. டிரைவருக்கு முதுகு வலியாம். ஒரு பக்கம் புடிக்கிறியா?"

அவளுக்கு உள்ளே சுருக்கென்றது. ஆனாலும் பழைய பழக்கம், எழுந்துவிட்டாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"படுக்க வெச்சே கொண்டுபோகணும் அம்மிணி."

"ஏன் சார்?"

"கடைசி நாளெல்லாம் அவ இதுலதான் படுத்திருந்தா. ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டுலயே இருக்கேன்னுட்டா."

அவர் தலைப்பக்கம் பிடித்தார். அவள் கால்பக்கம் பிடித்தாள். பலகை நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. எம்.டி. ஆகப் போகிறவர் பலகை தூக்குவதை யாராவது படம் எடுத்துவிடப் போகிறார்கள் என்று அவர் சொன்னார். அவள் சிரிக்க முயன்றாள்.

லிஃப்ட் கதவு திறந்தது. அவர் பின்பக்கமாக உள்ளே போனார். பலகை பாதிகூட நுழையவில்லை. அவர் முதுகு பின்சுவரில் முட்டி நின்றது. அவள் வெளியே நின்றாள். கதவு மூட வந்து பலகையில் இடித்துத் திறந்தது. மறுபடி வந்து இடித்தது.

"சாய்ச்சுப் பாரு."

மூலைக்கு மூலை சாய்த்துப் பார்த்தார்கள். அப்படியும் போகவில்லை.

"படியில போலாமா?" என்றார்.

படிக்கட்டில் முதல் திருப்பத்திலேயே பலகையின் முனை சுவரைக் கீறியது. அவர் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து மூச்சு வாங்கினார். அந்தத் திருப்பத்தின் அளவைப் போட்டதும் அவள்தான். அளவு அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் இன்றுதான் அந்த இடத்தில் கனத்தோடு நிற்கிறாள். இரண்டு பேரும் பலகையை மறுபடி மேலே ஏற்றி, லிஃப்ட் முன்னால் தரையில் வைத்தார்கள்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு அவர் வயதை நினைத்துப் பாவமாக இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. எளிய விஷயத்துக்கு இவ்வளவு பாடு எதற்கு?

"சார், நிமித்தி வெச்சா போயிரும்."

"ஆமா," என்றார். "பலகையை நிமித்தலாம்."

அதைச் சொல்லிவிட்டு அவர் பலகையைத் தடவிக்கொண்டு நின்றார். கூடத்து விளக்கு அங்கிருந்தே தெரிந்தது.

பொற்கொடிக்கு அப்போதுதான் அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. சாவுக்கு அவள் மாலையோடு வந்திருந்தாள். சௌந்தரத்தை வீட்டில் வைக்கவில்லை. கீழே, வண்டிகள் நிறுத்துமிடத்தில், இரண்டு ஸ்கூட்டர்களுக்கு நடுவில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். மேலே தண்ணீர் கசிந்த குழாய் ஒன்று ஓடியது. கூட்டம் வரும் என்று வசதிக்காகக் கீழே வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மாலையைப் போட்டுவிட்டு, அடுத்த சைட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். ஐஸ் பெட்டி மேலே ஏறாது என்று தோன்றவே இல்லை. வீட்டிலேயே இருக்கிறேன் என்று சொன்னவளால் செத்த பிறகு ஒரு மணி நேரம்கூட வீட்டில் கிடக்க முடியவில்லை என்பதும் தோன்றவில்லை.

கேட்கக் கூடாது என்று நினைத்தாள். ஆனால் கேட்டுவிட்டாள்.

"அம்மாவை எப்படிங்க சார் கீழ கொண்டுபோனீங்க?"

அவர் அவளைப் பார்க்கவில்லை.

"இவ்வளவு நேரம் நீ உக்கார்ந்திருந்தியே, அந்த நாற்காலியில வெச்சுத்தான். சாயாம இருக்க என் வேட்டியைக் கிழிச்சுக் கட்டினோம். பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு பக்கம் புடிச்சான். நடுவுல ரெண்டு மாடியில ஆளுங்க பட்டனை அமுக்கியிருந்தாங்க. கதவு திறந்துச்சு. ஒரு சின்னப் புள்ள, பாட்டி வெளிய போறாங்களான்னு கேட்டுது."

லிஃப்டின் விளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்து மறுபடி எரிந்தது. எங்கோ கீழே யாரோ அதைக் கூப்பிட்டார்கள். லிஃப்ட் இறங்கிப் போயிற்று.

பொற்கொடி பலகையின் அருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு என்னைப் பத்தி எதுவும் சொல்லாதீங்க சார்."

"சொல்லியாச்சு. நீ வர்றதுக்கு முன்னாடியே போன் பண்ணிட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் பேரைத்தான் சொன்னேன்."

"இதெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டா சார் என் பேரைச் சொன்னீங்க?"

லிஃப்ட் திரும்பி வந்தது. கதவு திறந்தது. அவர் குனிந்து பலகையின் ஒரு முனையைத் தூக்கினார். அவளும் எழுந்து தூக்கினாள். இருவரும் அதை நிமிர்த்தி உள்ளே நிறுத்தினார்கள். பிடித்துக்கொள்ள ஒருவர் போதும். அவளைப் போகச் சொல்லிவிட்டு அவர் வெளியே நின்றார்.

"நான் ஆபீஸ்ல அந்த நாற்காலியில உக்கார்ந்திருந்தப்ப எனக்கு இது தெரியாது அம்மிணி," என்றார். "நீ தெரிஞ்சுக்கிட்டு உக்காரப் போற."

கதவு மூடியது.

பலகை சாய்ந்துவிடாமல் அவள் ஒரு கையை அதைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். நடு மாடி ஒன்றில் கதவு திறந்தது. காய்கறிப் பையோடு நின்ற ஒருவர் உள்ளே பார்த்து, அடுத்த முறை வருவதாகச் சொன்னார்.

கீழே வண்டிக்காரர் காத்திருந்தார். பலகையை அப்படியே சாய்த்து வண்டியில் ஏற்றிவிடலாம், விடுங்க என்றார். அவள் விடவில்லை. வண்டிகள் நிறுத்துமிடத்தில் இரண்டு ஸ்கூட்டர்களுக்கு நடுவில் இடம் இருந்தது. அங்கே அதை அடி அடியாக நகர்த்திக் கொண்டுபோய், முனை தரையில் இடிக்காமல், பலகையை மெல்லப் படுக்க வைத்தாள்.

யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று வண்டிக்காரர் கேட்டார். பொற்கொடி அன்றுபோல் கிளம்பிவிடாமல் பலகையின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.